பொய்க்கும் ஓர் இடம் உண்டா?

அரிச்சந்திரன் கதையை அறியாத சைவ மக்கள் எமது கிராமங்களில் இலர். நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்களின் "மயான காண்டம்" கோயில் வீதிகளில் ஆடப்பட்டபோது கண்ணீர் சிந்தியோர் பலர். நாட்டையும் மனைவி மைந்தனையும் இழந்தும் அவன் பொய் உரைத்தானல்லன்.

திருவள்ளுவரோ, திருக்குறளின் 30ஆம் அதிகாரமாகிய வாய்மையிலே, குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கின்றார். கொலைவெறியோடு துரத்தி வருபவனிடம், ஒளித்திருப்பவனைக் காணவில்லை என்று சொல்வது இத்தகையது. சொல்பவருக்கு அதில் ஒரு சத இலாபமும் இல்லை, ஆபத்தே உண்டு.

ஆனால் நாம் இச்சலுகையை எங்கே பயன்படுத்துகின்றோம்? பெரும்பாலும் கலியாணப் பேச்சிலேதான். மாப்பிள்ளையின் தீராத நோயையோ குடிப்பழக்கத்தையோ மறைத்துவிட்டு, "நல்ல காரியத்துக்குத்தானே" என்பார்கள். நன்மை யாருக்கு? பேசி முடித்தவர்களுக்கு நிம்மதி. கழுத்தை நீட்டிய பெண்ணுக்கு வாழ்நாள் துன்பம். அறிந்து முடிவு செய்யும் அவளது உரிமை அங்கே களவு போகின்றது. வாய்மைக்கு முந்திய அதிகாரம் கள்ளாமை என்பது சிந்திக்கத்தக்கது.

அயலவர் பாடு இன்னும் சங்கடமானது. பெண் வீட்டார் படலையடியில் வந்து, "பெடியன் எப்படி?" என்று விசாரிக்கும்போது, "எங்களுக்கேன் வம்பு" என்று, "நல்ல பிள்ளை" எனச் சொல்லி அனுப்பிவிடுகின்றார்கள். அவர்கள் நம்பிக்கொண்டு போய்விடுகின்றார்கள்.