சாக்கடையில் விடத் தகாதவை: ஓர் அறவியல் நோக்கு

2022இல் சித்தூரினின்று பிரிந்த திருப்பதி மாவட்டத்தில், காளத்தியை ஒட்டி ஓடும் சுவர்ணமுகியே பெரியபுராணம் கூறும் பொன்முகலியாகும். திண்ணனார் அவ்வாற்று நீரை வாயில் முகந்து சென்று இறைவனுக்குத் திருமஞ்சனமாக உமிழ்ந்தார். ஆகம நெறி நின்ற சிவகோசரியாருக்கு அது பொறுக்கவொண்ணாத் தீட்டு; சேக்கிழாருக்கோ அன்பு. இந்நிகழ்ச்சியைப் பக்தியின் மேன்மைக்குச் சான்றாகவே அறிஞர் பெரிதும் எடுத்தாள்வர். எனினும் இதனுள் மாசு பற்றிய வினா ஒன்றும் உண்டு. மாசு என்பது விதி மீறலா, பிறர்க்கு விளையும் கேடா? அந்நிலப்பகுதியின் கழிவுநீர்க் கால்வாய்களை முன்னிறுத்தி இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கின்றது.

நீர் மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் (1974), வரையறுத்த அளவை மீறிய நச்சுப்பொருளை அறிந்தே ஆற்றிலோ கிணற்றிலோ சாக்கடையிலோ நிலத்திலோ விடுவதைத் தடை செய்கின்றது. கழிவுநீர் செல்லும் குழாயும் கால்வாயும், மூடியிருப்பினும் திறந்திருப்பினும், சட்டத்தின் பார்வையில் சாக்கடையே. எவ்வளவு விடலாம் என்பதைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் (1986) ஆறாம் அட்டவணை கூறும். ஆற்றில் விடும் கழிவுநீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டலாகாது; பொதுச் சாக்கடையாயின் 350 வரை இசைவு உண்டு. மிதக்கும் திண்மங்கள் ஆற்றுக்கு 100, சாக்கடைக்கு 600.

இவ்வேறுபாட்டின் அடிப்படை ஒரு நம்பிக்கை: சாக்கடையின் மறுமுனையில் சுத்திகரிப்பு நிலையம் உண்டு, எஞ்சியதை அது நீக்கும் என்பது. பாதரசத்திற்கு இச்சலுகை இல்லை, ஈரிடத்தும் 0.01 என்பதே அளவு. ஆயின் ஈயத்திற்கு ஆற்றில் 0.1, சாக்கடையில் 1.0 எனப் பத்து மடங்கு நெகிழ்வு தரப்பட்டுள்ளது. நுண்ணுயிர்கள் கரிமக் கழிவை உண்ணும். ஈயத்தை உண்டு அழிப்பதில்லை. அது நீரை விட்டுச் சேற்றில் தங்கும். இந்நெகிழ்வுக்கு அறவியல் நியாயம் காண்பது அரிது.

திருமலையில் காணிக்கையாகும் முடி சாக்கடைக்குச் செல்வதில்லை. சேகரித்து ஏலம் விடப்படுகின்றது. விலையுள்ள கழிவுக்கு உரியவர் உண்டு. விலையற்றதற்கு இல்லை போலும். சித்தூர் நகரின் நீவா ஆறு பொன்னையாற்றில் கலக்கும். பொன்னை பாலாற்றை அடையும். சுத்திகரிப்பு நிலையத்தைக் காணாமலே கால்வாய் ஒன்று ஆற்றில் விழுமாயின், 350 என்னும் சலுகை அடிப்படையை இழக்கின்றது. பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகள் பற்றிய வேலூர் வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்தல் வேண்டும் என்னும் கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996இல் ஏற்றது. அக்கொள்கைக்கு மாசுபடுத்தியவர் யாரெனத் தெரிதல் வேண்டும். பலர் கழிவும் கலக்கும் சாக்கடையோ அதனை மறைத்துவிடுகின்றது.

அட்டவணையில் நான்கு பத்திகள் உள்ளன: உள்நாட்டு நீர்நிலை, பொதுச் சாக்கடை, பாசன நிலம், கடற்கரைப் பகுதி. கழிவினுள் இறங்கும் மனித உடலுக்கென ஐந்தாம் பத்தி இல்லை. 2018 பிப்ரவரியில் சித்தூர் மாவட்டம் பலமனேர் அருகே, கோழிக்குஞ்சுப் பொரிப்பகம் ஒன்றின் கழிவுத் தொட்டியில் 7 பேர் மூச்சுத்திணறி இறந்தனர். அது பொதுச் சாக்கடையன்று, தனியார் தொட்டி. எனினும் நச்சு வளி அவ்வேறுபாட்டை அறியாது. கையால் கழிவகற்றுவதையும், பாதுகாப்பின்றிச் சாக்கடையில் ஆளை இறக்குவதையும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. சாக்கடையில் இறந்தோர் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாய் என 2014இல் உச்ச நீதிமன்றம் விதித்தது. 2023இல் அது 30 இலட்சமாயிற்று. இறந்தபின் தரும் தொகை உயர்ந்துள்ளது. இறங்குவோர்க்கு உள்ளே என்ன கலந்துள்ளது என்று அறிவிக்கும் கடமையோ இன்னும் தெளிவாக எவர்மீதும் சுமத்தப்படவில்லை எனலாம்.

சிவகோசரியாரும் பிறர் விட்டதைத் தூய்மை செய்தவரே. அவருக்கு இறைவன் கனவில் தோன்றி, மறைந்திருந்து காணுமாறு பணித்தான்; மறுநாள் செய்தவர் யார், எதற்காகச் செய்தார் என்பதை அவர் நேரில் கண்டார். தொட்டிக்குள் இறங்குபவருக்கு அங்கு விட்டவர் எவரென்பது தெரிவதில்லை.