மரமணி உணர்த்தும் நெறி



மன்னார்ப் பெருநிலத்தில், கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் வயல்களிடையே உள்ளது உயிலங்குளம். பாலாவிக் கரையில் எழுந்தருளிய திருக்கேதீச்சரப் பெருமானுக்கு அயலாகிய ஊர் இது. காலபோகத்தில் வயல் விதைத்தபின் ஆநிரைகளைக் காட்டுப்புறம் ஓட்டுதல் இந்நாட்டு உழவர் வழக்கம். புதர் மறைத்த மாட்டைக் கண்ணாற் காணுதல் அரிது. ஆதலின் முன்னோர் அதன் கழுத்தில் மணி கட்டினர். வெண்கலம் வாங்க வகையில்லாதார் மரத்துண்டைக் குடைந்து, மரநாவைத் தொங்கவிட்டுக் கயிற்றிற் கோத்தனர். மரத்தின் இயல்பும் குடைவின் ஆழமும் வேறுபடுதலால் ஒலியும் மணிக்கு மணி வேறுபடும். உடையவன் செவி தன் மாட்டின் ஒலியைப் பிரித்தறியும்.

இனித் திருக்கோயிலை நோக்குவோம். பூசையிலும் தீபாராதனையிலும் சிவாசாரியார் ஒலிக்கும் கைம்மணியின் தலையில் நந்தி அமர்ந்திருத்தலைக் கண்டிருப்பீர்கள். வயலில் எருதின் கழுத்திலே மணி; கோயிலில் மணியின் தலையிலே எருது. இவ்விரண்டும் ஒரு பொருளையே உணர்த்துவன அல்லவா?

நம் சித்தாந்தம் உயிரைப் பசு என்றும், அதனைப் பிணித்த கயிற்றைப் பாசம் என்றும், உடையவனைப் பதி என்றும் கூறும். உலகமாகிய காட்டில் வழிதப்பித் திரியும் பசு நாமே. திருவைந்தெழுத்தே நம் கழுத்து மணி. குடையப்படாத கட்டை ஒலிப்பதில்லை; ‘யான்’, ‘எனது’ என்னும் செருக்குக் குடைந்தெறியப்படாத நெஞ்சிலும் அவ்வோசை எழுவதில்லை. நம் மணி பொன்னாயினும் மரமாயினும் உடையவன் அதன் ஓசையை அறிவான்.

ஆயினும், மணி கட்டியவனுக்குக் கடன் ஒன்று உண்டு. கன்றையிழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்தபோது, திருவாரூரில் மனுநீதிச் சோழர் தம் மைந்தனையும் பொருட்படுத்தாது முறை செய்தமையைச் சேக்கிழார் பெருமான் அருளினார். அநுராதபுரத்தில் 44 ஆண்டு அரசு புரிந்த எல்லாளனைக் குறித்தும் அத்தகைய வரலாற்றையே மகாவம்சம் உரைக்கின்றது. சமயம் வேறாயினும் அறம் ஒன்றென அந்நூலார் கண்டனர்.

நாமோ பட்டிப்பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டி, மாலை சூட்டி, மணி கட்டி வணங்குகின்றோம். அது முதுமையுற்று ஏர் இழுக்க மாட்டாதானபோது, அம்மணியை அவிழ்த்து வைத்துக்கொண்டு மாட்டை மட்டும் கொலைக்கு விற்கின்றோம். மேய்ச்சல் தரைகளை வளைத்து வேலியிட்டுப் பின் பயிரை மேய்ந்ததென்று அடிக்கின்றோம். இது வழிபாடாகுமா? நந்தியெம்பெருமான் திருமுன் நாம் எம்முகத்தோடு நிற்பது?

1872இல் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் திருக்கேதீச்சரத்தைப் புதுக்குமாறு சைவமக்களை அறைகூவி அழைத்தார்கள். இடிந்து மறைந்த கோயில் எழுந்தது. போர்க்கால இடர்களையும் கடந்து 2022இல் மீண்டும் குடமுழுக்குக் கண்டது. கல்லாலாகிய கோயிலை எழுப்பிய நாம் உயிருள்ள கோயிலாகிய ஆவைக் கைவிடல் தகாது. ஊர்தோறும் மேய்ச்சல் நிலம் ஒதுக்குக. முதிர்ந்த மாடுகளைக் காக்கும் பட்டி அமைக்க. மணி கட்டிய கையே இறுதிவரை புல்லும் இடுக. அவ்வாறு செய்வார் வீட்டு மரமணி கோயில் மணியோடொத்து ஒலிக்கும்.

சிவசிவ.