மன்னித்தவன் நஷ்டஈடு கேட்கலாமா?



கிறிஸ்மஸ், புத்தாண்டு ஆராதனைகள் முடிந்து ஜனவரி பிறந்ததும், என்னிடம் ஜெபத்துக்கு வருகிறவர்களில் சிலர் கட்டுப்போட்ட கையோடும் காலோடும் வருகிறார்கள். ஸ்டார் கட்ட ஏணியில் ஏறி விழுந்தவர் ஒருவர். பக்கத்து வீட்டார் விட்ட ராக்கெட் முகத்தில் பட்ட பிள்ளை ஒன்று. நள்ளிரவு ஆராதனை முடிந்து திரும்பும் வழியில், குடித்துவிட்டு வந்தவன் மோதி கால் முறிந்தவர் இன்னொருவர். ஜெபம் முடிந்ததும் மெதுவாக ஒரு கேள்வி வரும்: "ஐயா, மோதினவரை மன்னிச்சுட்டோம். ஆனா ஆஸ்பத்திரி பில்லை வட்டிக்கு வாங்கித்தான் கட்டியிருக்கோம். கேஸ் போட்டா பாவமா?"

இந்தக் கேள்விக்கு "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று ஒரே வரியில் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. கர்த்தர் பார்த்துக்கொள்வார், மெய்தான். எப்படிப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் என்று வேதத்தைத் திறந்து பார்ப்போமே!

யாத்திராகமம் 21-ஆம் அதிகாரத்தில், அடிபட்டுப் படுக்கையில் விழுந்தவன் பிழைத்து எழுந்தாலும் அடித்தவன் இரண்டு செலவை ஏற்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஒன்று, வேலைக்குப் போக முடியாத நாட்களின் நஷ்டம். மற்றொன்று, வைத்தியச் செலவு. அடுத்த அதிகாரத்தில், ஒருவன் மூட்டிய தீ முள்ளில் பிடித்து அயலானுடைய பயிரை எரித்துவிட்டால், மூட்டினவனே நஷ்டத்தைக் கட்ட வேண்டும். அவன் வேண்டுமென்று எரித்தான் என்று அங்கே சொல்லப்படவில்லை. உபாகமம் 22-இல், வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும். கட்டாமல் ஒருவன் விழுந்தால் பழி வீட்டுக்காரன்மேல் வரும். பார்த்தீர்களா? பகை இல்லாமல், வெறும் கவனக்குறைவால் வந்த காயத்துக்கும் தேவன் கணக்குக் கேட்கிறார். இன்று வக்கீல்கள் கோர்ட்டில் கேட்பதும் ஏறக்குறைய இதேதான்: வைத்தியச் செலவு, போன கூலி, இனி போகப்போகிற கூலி.

அப்படியானால் மன்னிப்பு எங்கே? மன்னிப்பு என்பது கசப்பை விடுவது, பழிவாங்கும் உரிமையைக் கர்த்தர் கையில் கொடுத்துவிடுவது. முறிந்த காலுக்கு ஆன செலவு அதனால் மறைந்துபோகாது. யாரோ ஒருவர் அதைச் சுமந்துதான் ஆக வேண்டும். மோதினவன் சுமக்காவிட்டால் அடிபட்டவனின் மனைவி சுமப்பாள், பிள்ளையின் பள்ளிக்கூட ஃபீஸ் சுமக்கும்.

"வஸ்திரத்தைக் கேட்டு வழக்காடுகிறவனுக்கு அங்கியையும் விட்டுவிடச் சொன்னாரே ஆண்டவர்?" என்று கேட்பீர்கள். ஆம், சொன்னார். என் அங்கியை நான் கொடுக்கலாம். என் பிள்ளையின் அங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அதற்கு என் விசுவாசம் என்று பெயர் வைக்கலாமா? வசதியுள்ளவர், சிறிய காயம், "போகட்டும்" என்று விட்டுவிடுகிறார் என்றால் அது அழகான கிருபை. ஆனால் கொத்தனார் வேலை செய்கிற சகோதரனிடம், காயப்படுத்தின ஆளே வந்து "நீங்க விசுவாசிதானே, விட்டுடுங்க" என்று சொல்வது மாய்மாலம்! மன்னிப்பைக் கொடுக்கலாம், அதை யாரும் வசூல் பண்ணக் கூடாது.

1 கொரிந்தியர் 6-ஐயும் எடுத்துக் காட்டுவார்கள். விசுவாசிக்கு விரோதமாக விசுவாசி கோர்ட்டுக்குப் போகிறதைப் பவுல் கடிந்துகொண்டார். அநியாயத்தைச் சகித்துக்கொள்ளலாமே என்றும் கேட்டார். ஆனால் அதே இடத்தில், வழக்கைத் தீர்க்க உங்களுக்குள் ஒரு விவேகி இல்லையா என்றும் கேட்டார். சபைக்குள் தீருங்கள் என்றால் நியாயமாகத் தீருங்கள் என்று அர்த்தம். அடிபட்டவன் வாயை அடைத்துவிடுங்கள் என்று அர்த்தமல்ல. அந்தப் பவுலே ரோமக் குடிமகன் என்ற தன் உரிமையைச் சேனாபதியிடம் சொன்னார், இராயனுக்கு அபயமிட்டார். சட்டத்தின் வாசலைத் தட்டியதால் அவருடைய விசுவாசம் குறைந்துபோகவில்லை.

வாகன விபத்தில் இன்னொன்றும் உண்டு. வண்டிக்குச் செல்லுபடியாகும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இருந்தால், பெரும்பாலும் பணம் கட்டுகிறது கம்பெனி, மோதின சகோதரன் அல்ல. இதற்காகத்தானே பிரீமியம் கட்டினார்? அவர் உண்மையை உள்ளபடி சொல்லிவிட்டால் போதும்.

அடிபட்டவர்களுக்கு உபயோகமாகச் சில காரியங்கள் சொல்லுகிறேன். முதலில் ஆஸ்பத்திரியில் நடந்ததை நடந்தபடி சொல்லி, விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். ஏ.ஆர். காப்பி, பில், மருந்துச் சீட்டு ஒன்றையும் தூக்கிப்போடாதிருங்கள். போலீஸில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

ரோட்டு விபத்தானால், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். நீங்கள் குடியிருக்கிற ஊரிலேயே போடலாம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கு ஆறு மாதம் என்று கெடு வைத்திருக்கிறது, தாமதிக்க வேண்டாம். யார் தவறு என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் கேட்கவும் வழி உண்டு. ஆனால் அதை ஏற்றுக்கொண்டால், அதிகம் கேட்டுப் போட்ட மனு நிற்காது. வக்கீலிடம் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மோதின வண்டி எதென்று தெரியாவிட்டாலும், 2022-ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி மரணத்துக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் உண்டு.

வெடியாலோ ஏணியாலோ வந்த காயத்துக்கு, கவனக்குறைவாய் இருந்தவர்மேல் சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்கலாம். கிறிஸ்மஸ், புத்தாண்டு இரவில் 11.55 முதல் 12.30 வரைதான் பட்டாசு வெடிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டதையும் நம் வாலிபர்கள் அறிந்திருக்கட்டும்.

"வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே" என்பவர்களுக்கு, மாவட்ட நீதிமன்ற வளாகத்திலே இலவசச் சட்ட உதவி மையம் இருக்கிறது. பெண்கள், பிள்ளைகள், ஊனமுற்றோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே உதவி கிடைக்கும். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். லோக் அதாலத்தில் இரு தரப்பாரும் உட்கார்ந்து பேசி முடிக்கலாம். கோர்ட் கட்டணம் இல்லை, அப்பீலும் இல்லை. கொரிந்து சபையாரிடம் பவுல் கேட்ட விவேகி அங்கே மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கவும் கூடும்!

ஆனாலும் எச்சரிக்கையாயிருங்கள். ஆஸ்பத்திரி வாசலில் புரோக்கர்கள் வருவார்கள். "வண்டி ஓட்டினது லைசென்ஸ் உள்ள தம்பின்னு மாத்திச் சொல்லுங்க, பில்லைக் கூட்டிக்கலாம்" என்பார்கள். அனனியாவும் சப்பீராளும் பணத்தைக் கொண்டுவந்ததற்காக அல்ல, அதைப் பற்றிப் பொய் சொன்னதற்காக விழுந்தார்கள். நியாயமான பத்து ரூபாயைக் கேளுங்கள். பொய்யான பதினோராவது ரூபாயைத் தொடாதிருங்கள்.

இப்போது சபையாராகிய நம்மைக் குறித்து. 2025 மார்ச்சில் கன்னியாகுமரி மாவட்டம் இனயம் புத்தன்துறையில், ஆலயத் திருவிழா வேலையின்போது ஏணி மின்கம்பியில் பட்டு நான்கு பேர் மரித்தார்கள். யார்மேல் குற்றம் என்று நான் பேச வரவில்லை. நம்முடைய வாலிபர்களும் அப்படித்தானே ஏறுகிறார்கள்! மின்கம்பிக்கு அருகே இரும்பு ஏணி வேண்டாம். சீரியல் லைட்டைத் தெரிந்த எலக்ட்ரீஷியன் கட்டட்டும். கேரல் ரவுண்ட்ஸுக்குச் சரக்கு வண்டியில் ஆள் ஏற்றாதீர்கள். சரக்கு வண்டியில் இலவசமாய் ஏறிப்போகிறவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லியிருக்கிறது. ஏதாவது நடந்தால் அடிபட்ட பிள்ளையின் வீட்டுக்கு என்ன பதில் சொல்வோம்?

நம் பண்டிகையில் நம் அஜாக்கிரதையால் ஒருவர் காயப்பட்டால், அவர் வக்கீலைத் தேடிப் போகும்வரை காத்திருக்கக் கூடாது. சகேயுவிடம் யாரும் நோட்டீஸ் அனுப்பவில்லை. அவனே எழுந்து நின்று, நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்றான். அன்றைக்கே அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது.

அன்பான சகோதரனே, சகோதரியே! மனுவில் கையெழுத்துப் போடுமுன் உங்களையே ஒன்று கேட்டுப் பாருங்கள்: இந்தப் பணம் கைக்கு வந்தபின் அவரோடு ஒரே பாயில் முழங்கால்போட்டு ஜெபிக்க என்னால் முடியுமா? முடியும் என்றால் பயப்படாமல் கேளுங்கள். முடியாது என்றால் முதலில் அவரை மன்னியுங்கள், பிறகு கேளுங்கள்.

சமாதானத்தின் தேவன் உங்கள் காயங்களை ஆற்றி, உங்கள் வீட்டில் குறைவில்லாமல் நடத்துவாராக. ஆமென்.