சொல்லணும்னுதான் இருந்தேன்

ஆங்கிலத்தில் ‘வெல்லியிட்டி’ என்றொரு சொல் இருக்கிறது. அதிகம் புழங்காத சொல். செயலில் இறங்கும் அளவுக்கு வலுவில்லாத விருப்பம் என்று பொருள். லத்தீனில் ‘வெல்லே’ என்றால் விரும்புதல். அதிலிருந்து ‘வெல்லெய்டாஸ்’ பிறந்து, 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. மனவுறுதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ‘வில்’லும் ‘வெல்லே’யும் ஒரே மூலவேரைச் சேர்ந்தவை. உறுதியும் அரைமனதும் ஒரே வேரில் முளைத்தவை.

நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஓர் இயந்திரத்தின் பாதுகாப்புக் கதவு சென்சாரை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள், உற்பத்தி நிற்கக்கூடாதென்று. மூன்று வாரம் பார்த்துக்கொண்டே கடந்துபோனேன். ஒருநாள் இரவு ஷிஃப்டில் நேபாளத் தொழிலாளி ஒருவரின் இரண்டு விரல்கள் நசுங்கின. “நானே சொல்லணும்னுதான் இருந்தேன்” என்றேன். பொய்யில்லை. ஆனால் செய்யாத நல்லெண்ணத்துக்கு என்ன மதிப்பு?

இந்தச் சொல் கிடைத்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பெயர் இருக்கிறதென்றால் என்னைப் போல் பலர் இருந்திருக்கிறார்கள்தானே? பிறகுதான் 13ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்குவினாஸ் தந்த விளக்கத்தைப் படித்தேன். அவர் கணக்கில் இது முடியாத ஒன்றின் மேல் வைக்கும் குறைவிருப்பம்; முடிந்தால் விரும்பியிருப்போம் என்கிற வகை.

எனக்கு முடியாமல் இல்லை. இரண்டு வரி மின்னஞ்சல் போதும். நான் முழுமனதாக விரும்பியது வேறு: சூப்பர்வைசரோடு வம்பு வேண்டாம். அதை மட்டும் மூன்று வாரமும் தவறாமல் செய்திருக்கிறேன்.