நீக்கிய அளவு

ஆம்பூர்ப் பக்கம் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தில் வெகுகாலம் வேலை பார்த்தவன் நான். தினமும் நிரப்பும் படிவத்தில் 'நீக்கிய அளவு' என்று ஒரு கட்டம் உண்டு. உள்ளே வரும் தண்ணீரில் குரோமியம் இவ்வளவு, வெளியே போவதில் இவ்வளவு. கழித்தால் வருவதை எழுதிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. நீக்கியது இப்போது எங்கே இருக்கிறது என்று எழுத அதில் கட்டம் கிடையாது.

எங்களுக்குத் தெரியும். சுண்ணாம்பு சேர்த்தால் குரோமியம் அடியில் வண்டலாக இறங்கும். பிழிந்து எடுத்தால் பச்சையும் சாம்பலும் கலந்த நிறத்தில் பாளம் பாளமாக விழும். அதை ஒரு குழிக்குக் கொண்டுபோவார்கள். உப்பு அப்படியும் இறங்காது. சவ்வு வழியே பிரித்து, காய்ச்சி வற்றவைத்து, மூட்டை கட்டிக் கொட்டகையில் அடுக்க வேண்டும். வாங்க ஆள் இல்லை. தோல் தொழிலே நீக்கும் தொழில்தான்: ஊறப்போட்டு உப்பை நீக்கு, சுண்ணாம்பில் முடியை நீக்கு, இயந்திரத்தில் கொடுத்து ஜவ்வை நீக்கு. ஒரு டன் பச்சைத்தோல் போட்டால் ஆகிவருவது ஏறத்தாழ 200 முதல் 250 கிலோதான்.

இந்தச் சொல்லை நாம் மதத்திலும் இதே அலட்சியத்தோடுதான் பயன்படுத்துகிறோம். பாவம் நீங்கும், தோஷம் நீங்கும், தீட்டு நீங்கும். எங்கே போகும்? வள்ளுவர் இதில் கறார். துறவு அதிகாரத்தின் முதல் குறளில் நீங்குகிறவன் மனிதன். பொருள் இருந்த இடத்திலேயே இருக்கிறது. சைவ சித்தாந்தம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. உயிரோடு ஒட்டிய ஆணவ மலம் முத்தியிலும் அழிவதில்லை, அதன் சக்தி மட்டும் அடங்குகிறது என்பது அதன் முடிவு. செம்பில் களிம்பு என்று உவமை சொல்வார்கள். அதுவும் பச்சை நிறம்தான் என்பதை என்னால் மறக்க முடிவதில்லை. மற்ற தத்துவங்கள் அழுக்கே இல்லாத வீட்டைக் காட்டி ஆசை மூட்டும்போது, மலம் அங்கேயேதான் இருக்கும் என்று முகத்துக்கு நேரே சொல்லும் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது.

தோல் ஷாப் வைத்திருந்த பாய் ஒருவர் வேறு வழி காட்டினார். செத்த விலங்கின் தோலும் பதனிட்டுவிட்டால் தூய்மையாகிவிடும் என்பது நபிமொழி. அசுத்தத்தை இன்னோர் இடத்துக்குத் தள்ளாமல் அந்தப் பொருளையே வேறொன்றாக மாற்றும் வழி. அழகான சிந்தனைதான். "தோல் சரி பாய், கழுவின தண்ணி?" என்றேன். சிரித்துவிட்டு டீ சொன்னார்.

தீட்டு விஷயத்தில் சிரிக்க முடியாது. அதன் கணக்கு வெகு துல்லியம். ஒரு வீட்டில் தீட்டு கழிய, அதை எடுத்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும்: துணியை வெளுப்பவர், செத்த மாட்டை இழுத்துப்போகிறவர், சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலைத் திருப்பிப் போடுகிறவர். ஊரின் அசுத்தத்தைச் சுமந்தவர்களையே அசுத்தமானவர்கள் என்று எழுதிவைத்தோம். இராணிப்பேட்டை சிப்காட்டில் 2015 ஜனவரி 31 அன்று கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தோலிலிருந்து நீக்கியது அவர்கள்மேல் வந்து சேர்ந்தது.

படிவத்தில் இல்லாத அந்தக் கட்டத்தை முதலில் வரைந்தது, என் பார்வையில், உச்ச நீதிமன்றம். தோல் கழிவு பாலாற்றைக் கெடுத்தது பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்றது. சட்டக்காரர்கள் அதைச் சுற்றுச்சூழல் தீர்ப்பு என்கிறார்கள். நான் அதைக் கர்மக் கோட்பாட்டுக்கு எழுதிய உரையாகவே படிக்கிறேன். வினை செய்தவனை விட்டுப் போகாது என்று சொல்லிக்கொண்டே, அதைப் பாலாற்றங்கரைக் கிணறுகளில் இறக்கிவிட்டவர்கள் நாம். 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் அதே ஆற்றைப் பற்றி மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது.

புரோகிதர் "தீட்டு கழிஞ்சுது" என்று எழுந்தால், யார் கணக்கில் வரவு வைத்தீர்கள் என்று கேட்பேன். "பதினாறாம் நாள் காரியத்துலயா இதைக் கேக்கறது?" என்று என் மனைவி கோபப்படுவாள். ஒருமுறை திருப்பியும் கேட்டாள்: "அவரைக் கேக்கறீங்களே, உங்க கொட்டகையில இருக்கிற மூட்டையெல்லாம் யார் கணக்குல எழுதினீங்க?"