யாருடைய இரக்கம்?

மாலை ஐந்து மணிக்குத் தள்ளுவண்டியில் பஜ்ஜி போட ஆரம்பித்தால், எண்ணெயின் நிறத்தை வைத்தே மணி சொல்லிவிடலாம். முதல் ஈட்டில் தேன் நிறம். எட்டு மணிக்குச் சட்டியின் அடியில் கருகிய மாவுத் துணுக்குகள், ஓரத்தில் அடங்காத நுரை, கண்ணைக் கரிக்கும் புகை. கடை கட்டும்போது மிச்சத்தை வடிகட்டி டின்னில் ஊற்றி வைப்பார்கள். மறுநாள் அதன் தலையில் கொஞ்சம் புது எண்ணெய் விழும்.

எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது சிதைந்து துருவச் சேர்மங்கள் உண்டாகின்றன. அவை 25 விழுக்காட்டைத் தாண்டிவிட்டால் அந்த எண்ணெயில் சமைக்கக் கூடாது. 2018 ஜூலையிலிருந்து இந்தியா முழுவதும் இதுதான் விதி. சோதனைக்கு வரும் உணவுப் பாதுகாப்பு அலுவலர் சூடான எண்ணெயில் அளவுக் கருவியின் முனையை முக்கினால் அளவு தெரிந்துவிடும். தெரிந்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் சிக்கல். கொட்டச் சொன்னால் அன்றைய லாபம் சாக்கடையில் போகும். “பாவம், வயித்துப் பொழப்பு” என்று சொல்லிவிட்டு நடப்பதே மனிதத்தன்மை என்று பலருக்கும் தோன்றும்.

ஆனால் அந்த இரக்கத்துக்கான விலையை அலுவலர் தன் பையிலிருந்து கொடுப்பதில்லை. வண்டியைச் சுற்றி நிற்பவர்கள் கொடுக்கிறார்கள். ஆட்டோ ஓட்டுபவர், கட்டட வேலை முடிந்து வருபவர், நாலு பஜ்ஜியையும் ஒரு டீயையும் ராத்திரிச் சாப்பாடாக்கிக்கொள்பவர். எண்ணெய் கறுப்பாக இருப்பது கண்ணுக்குத் தெரிகிறதே, தெரிந்துதானே சாப்பிடுகிறார்கள் என்று சிலர் கேட்பார்கள். அந்த வாதம் நிற்காது. நிறத்தை மட்டும் பார்த்து எண்ணெய் கெட்ட அளவைச் சொல்ல முடியாது; கருவி தேவைப்படுவதே அதனால்தான். பத்து ரூபாயை வைத்துக்கொண்டு நிற்பவருக்கு எதிரில் இருக்கும் உணவகம் ஒரு மாற்றும் அல்ல. ஏழை விற்பவர் மீது காட்டும் கருணை ஏழை தின்பவர் உடம்பில் கழிக்கப்படுகிறது. அவரை யாரும் கேட்கவும் இல்லை.

அதற்காகச் சட்டியை நடுத்தெருவில் கவிழ்ப்பதுதான் நீதி என்று ஆகிவிடாது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமே அவ்வளவு கல்மனம் கொண்டதல்ல. அதன் 32ஆவது பிரிவின்படி, குறையைத் திருத்தச் சொல்லி அறிவிப்புக் கொடுக்கலாம். அதற்குத் தரும் அவகாசம் 14 நாளுக்குக் குறையக் கூடாது. அறிவிப்பைக் கொடுப்பதோடு, எதைச் செய்ய வேண்டும் என்று விளக்கி, சொன்ன நாளில் திரும்பியும் வந்து பார்த்தால் அது இரக்கம். திரும்பி வராவிட்டால் அது வெறும் நழுவல். அலுவலரின் வேலையில் கடினமான பாதி அந்த இரண்டாவது வருகைதான்.

இதைவிடக் கனமான கேள்வி ஒன்று வண்டியின் அடித்தட்டில் இருக்கிறது: அந்த டின் எண்ணெய் முதலில் எங்கிருந்து வந்தது? பெரிய சமையற்கூடங்களில் பொரித்துத் தள்ளிய எண்ணெய் கைமாறி, மலிவு விலையில் சிறு கடைகளுக்கு வருவது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதைத் தடுக்கத்தான் ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்க எண்ணெய் செலவழிக்கும் நிறுவனம் கணக்கு வைக்க வேண்டும், பழையதை அங்கீகாரம் பெற்றவர்களிடம் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று விதி வந்தது. 2018இல் தொடங்கிய ‘ரூகோ’ திட்டத்தில் அந்த எண்ணெய் பயோடீசலாகிறது. வழி இருக்கிறது. அப்படியிருந்தும் இரண்டு ரூபாய் கூடுதலாகத் தரும் தரகருக்குப் பின்கதவைத் திறந்துவிடுபவரின் கூடத்தில் தரை ஓடு பளபளக்கும், ஊழியர் தலையில் தொப்பி இருக்கும், சோதனைக்கு வந்தால் நல்ல மதிப்பெண்ணும் கிடைக்கும். தீங்கு மட்டும் டின்னில் ஏறி வெளியே போய்விடுகிறது. தெரிந்தே செய்தவர் அவர். வேறு வழிக்கு வசதி இருந்தவரும் அவர். அபராதம் விதிக்கும்போது தவறினால் கிடைத்த லாபத்தையும், அது தெரியாமல் நடந்ததா என்பதையும் பார்க்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 49ஆவது பிரிவு சொல்கிறது. அந்தத் தராசில் வைத்தால் வண்டிக்காரரின் தட்டு மேலே போய்விடும்.

என்றாலும் சோதனைக்குச் சுலபமாகக் கிடைப்பது தெருவோரத்துச் சட்டிதான். உள்ளே வந்த எண்ணெய் இத்தனை லிட்டர், வெளியே போனது எத்தனை, யாரிடம் என்று பெரிய கூடத்தின் கணக்குப் புத்தகத்தில் விரல் வைத்துக் கேட்பதற்கு இன்னும் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். அதைக் கேட்காமல் இன்று ஒரு சட்டியைக் கொட்டவைத்தால், அடுத்த வாரம் அதே முத்திரை போட்ட டின் இரண்டு தெரு தள்ளி இன்னொரு வண்டிக்கடியில் இருக்கும்.