துணி வளராத நேரம்

முதல் குறுக்கிழையான ஊடை ஓடுவதற்கு முன்பே ஒரு காஞ்சிப் பட்டின் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது. உடலுக்கு என்ன நிறம், கரை எத்தனை அகலம், முந்தியில் அன்னமா யாளியா என்பதையெல்லாம் கட்டத்தாளில் வரைந்து, அட்டைகளில் துளையிட்டு, ஜக்கார்டில் ஏற்றியாக வேண்டும். நீள இழைகளான பாவு தறியில் ஏறிய பிறகு கரையைச் சற்று அகலமாக்கலாமே என்றால் நடக்காது. காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையத்தில் காலை நேரத்தில் தெருவின் நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுகிறார்கள். ஒட்டிய இழைகளைப் பொறுமையாகப் பிரித்துவிடுகிறார்கள். நெசவு இன்னும் தொடங்கவே இல்லை.

பின்னால் மாற்ற முடியாததை முன்னாலேயே யோசித்து முடித்துவிட வேண்டும். ஓர் இலக்கை வைத்துக்கொண்டு புறப்படுகிறவருக்கு இந்தத் தெரு சொல்லும் முதல் பாடம் இதுதான்.

*

கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரைகள் வேறு நிறம். ஊடையைச் சுமந்து ஓடும் நாடா ஒன்றே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடினால் உடலின் நிறம் கரையிலும் ஏறிவிடும். அதனால் மூன்று நாடாக்கள். ஒவ்வொரு வரிசையிலும் உடலின் ஊடை, கரையின் ஊடையைக் கோத்துக்கொண்டு திரும்புகிறது. நெசவாளர் குழித்தறியில் அமர்ந்திருக்க, அருகில் இன்னொருவர், பெரும்பாலும் வீட்டில் உள்ளவர், மறுகரையின் நாடாவைப் போட்டுத் தருகிறார்.

கவனம் என்றதும் தனியே அமர்ந்திருக்கும் ஒருவரின் உருவம்தான் நம் மனதில் எழுகிறது. இங்கே அது இருவருக்கும் பொதுச் சொத்து. ஒருவர் மனம் நழுவினாலும் உடலும் கரையும் சேரும் கோடு கோணிவிடும்.

முன்பு அந்தப் பக்கத்து இடத்தில் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியது இந்த ஊர் கண்ட பெரிய நன்மை. அதனால் கோர்வைக்கு இன்று இரண்டு பெரியவர்களின் உழைப்பு வேண்டும்.

*

உடல் முடிந்து முந்தி தொடங்கும் இடத்தில் தறி நின்றுவிடுகிறது. முந்திக்கு வேறு நிறம் வேண்டுமென்றால் பாவே மாற வேண்டும். உடலின் பாவில் உள்ள ஆயிரக்கணக்கான இழைகளோடு புது நிற இழைகளைக் கையால் சேர்க்கிறார்கள். பிட்னி என்று இதற்குப் பெயர். அது நடக்கும் நேரம் முழுவதும் சேலை ஒரு விரற்கடைகூட வளர்வதில்லை. இன்று எவ்வளவு நெய்தீர்கள் என்று மாலையில் யாராவது கேட்டால், காட்டுவதற்குத் துணி இல்லை.

சேலை நைந்தாலும் கரை பிரியாது, முந்தி பிரியாது என்று காஞ்சிப் பட்டைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமையில் பாதி, துணி வளராத இந்த நேரத்தில் உண்டானது.

தோல்வியைத் தாங்க வேண்டும் என்று நிறையப் பேசுகிறோம். பலன் கண்ணில் படாத நாளைத் தாங்குவது அதைவிடக் கடினம் என்று எனக்குத் தோன்றுகிறது. தோற்றவருக்கு ஆறுதல் சொல்ல நான்கு பேராவது வருவார்கள். எதுவும் நகராத நாளில் உட்கார்ந்திருப்பவரை யாரும் விசாரிப்பதில்லை. மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஊறி, பாவைத் தெருவுக்குக் கொண்டுவர முடியாமல் போகும் வாரங்களும் அப்படிப்பட்டவைதான். வானம் வெளுத்ததும் விட்ட வரிசையிலிருந்து நெசவு தொடர்கிறது.

*

பலன் கண்ணில் படாத நாட்கள் தறிக்கு மட்டும் உரியவை அல்ல. 2019 ஜூலை 1 முதல் 48 நாட்கள் வரதராஜப் பெருமாள் கோயிலின் அத்தி வரதரைத் தரிசிக்க இந்த ஊரே கொள்ளாத கூட்டம் வந்தது. அதற்கு முன் அவர் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளியது 1979இல். இடையில் 40 ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளும் கோயிலில் விடியலில் நடை திறந்தவர்களும், மாலை கட்டியவர்களும், மடைப்பள்ளியில் அடுப்பு மூட்டியவர்களும் இருந்தார்கள். அந்த 48 நாட்களைத் தாங்கி நின்றது அவர்களின் அன்றாடம்.

*

காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்து ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஆகின்றன. குறியீடு பெயரைக் காக்கும். உழைப்பைக் காக்க வேண்டியது வாங்குகிறவரின் கண். அடுத்த முறை பட்டு எடுக்கும்போது சேலையைத் திருப்பிப் பாருங்கள். கரையும் உடலும் கோத்துக்கொள்ளும் கோட்டைப் பாருங்கள். முந்தியில் உடலின் நிறம் கலக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். கோர்வை உண்டா, பிட்னி உண்டா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். விலையைப் பேசும்போது இரண்டு பேரின் கூலியையும், துணி வளராத அந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் சொந்த வேலையைக் கணக்கிடும்போதும் அப்படியே செய்யுங்கள்.